மண்டபம் பக்கத்தில் ஒரு கூட்ஸ் ஷெட்: மாதிரி ரயில்வேயில் சரக்கு முனையம் அமைக்க முழுமையான வழிகாட்டி

மண்டபத்தில் என் வீட்டு மாடி அறையில் மூன்று பலகைகள் வரிசையாக நிற்கின்றன. மொத்த நீளம் 3.6 மீட்டர். அதன் மேல் ஒரு சின்ன ஸ்டேஷன், இரண்டு லூப் லைன் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடியும் சேரும் பாதை), சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கூட்ஸ் ஷெட், லாரி நிற்கும் மைதானம், ஓரத்தில் உப்பளமும் நாலைந்து பனையும். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே இருப்பதாக நான் வைத்துக்கொண்ட ஸ்டேஷன் இது. ஊர் கற்பனைதான். அங்கே நடக்கும் வேலை மட்டும் நிஜமான கூட்ஸ் ஷெட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வந்தது.

அந்த வேலையைப் பலகைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இங்கே முழுதாகச் சொல்லப்போகிறேன். தண்டவாளம் பதிக்கவும் செடி ஒட்டவும் சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். சரக்கு முனையம் எப்படி மூச்சு விடுகிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

முதலில் ஒரு நாள் போய் நில்லுங்கள்

மதுரை கூடல்நகர் கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு நோட்டும் பேனாவுமாகப் போனேன். உர ரேக் ஒன்று, அதாவது உரம் ஏற்றி ஒரே தொடராக வரும் வேகன் வரிசை, மேடையில் நின்றிருந்தது. பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு, லைனைத் தாண்டாமல், லாரிகளுக்கு இடைஞ்சல் இல்லாத நிழலில் உட்கார்ந்துகொண்டேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு லோடுமேனிடம், "அண்ணே, எப்ப முடியும்?" என்று கேட்டேன். "லாரி வந்தா முடியும் தம்பி" என்றார். தலையில் சும்மாடு, கையில் கொக்கி, அவ்வளவுதான் பதில்.

என் மாதிரியின் வரைபடமே அந்தப் பதிலிலிருந்துதான் பிறந்தது. அதுவரை தண்டவாளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நோட்டில் நேரத்தை மட்டும் எழுதினேன்: எத்தனை மணிக்கு வேகன் மேடைக்கு வந்தது, முதல் கதவு எப்போது திறந்தது, எத்தனை பேர் ஒரு வேகனுக்கு, ஒரு லாரி நிரம்ப எவ்வளவு நேரம், அடுத்த லாரி வரும்வரை ஆட்கள் என்ன செய்தார்கள், சாப்பாட்டுக்கு எப்போது உட்கார்ந்தார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள். பலகை வாங்குவதற்கு முன்னால் இந்த நோட்டு நிறைந்திருக்க வேண்டும்.

காகிதம் நடக்கும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். சரக்கு அனுப்புகிறவர் வேகன் கேட்டு இண்டென்ட் போடுவார். சரக்கு ஏறியதும் ரயில்வே கொடுக்கும் ரசீதுதான் ஆர்.ஆர். அதைக் காட்டித்தான் போய்ச் சேரும் இடத்தில் பார்ட்டி (சரக்குக்கு உரியவர்) சரக்கை எடுப்பார். வேகன்களைக் கையாளத் தயாராக மேடையில் நிறுத்துவது பிளேஸ்மென்ட், வேலை முடிந்து ஒப்படைப்பது ரிலீஸ். இரண்டுக்கும் நடுவே ஃப்ரீ டைம் என்று ஒரு கெடு உண்டு. அதைத் தாண்டினால் வேகன் கணக்கில், மணிக் கணக்கில் டெமரேஜ். வேகன் காலியாகிவிட்டது, ஆனால் மூட்டை மேடையிலேயே கிடக்கிறது என்றால் அது வார்ஃபேஜ். இந்த இரண்டு அபராதமும்தான் அந்த இடத்தில் இருக்கும் எல்லோரையும் ஓடவைக்கின்றன. மாதிரியிலும் அவையே ஓட்டட்டும்.

என்ன சரக்கு, எந்த மாதம்

ராமநாதபுரம் கடற்கரைக்கு இரண்டு பருவம் போதும். மழை ஓய்ந்து, வெயில் ஏறும் தை மாசியிலிருந்து புரட்டாசி வரை உப்பு. வாலிநோக்கம் பக்கம் அரசின் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்களே இருக்கின்றன. அந்தப் பருவத்தில் உங்கள் முனையத்துக்குக் காலி ரேக் வரும், உப்பு ஏறி வெளியே போகும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் உப்பளம் ஓயும். மானாவாரி நெல்லுக்கு உரம் வேண்டியிருக்கும். அப்போது உர ரேக் நிறைந்து வரும், காலியாகத் திரும்பும். ரேஷன் அரிசி எந்த மாதமும் வரலாம்.

ஒரே பலகையை இரண்டு பருவத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். மாறுவது உப்பு மூட்டையா உர மூட்டையா, தரை காய்ந்ததா ஈரமா என்பதுதான். முண்டு மிளகாயையும் கரிமூட்டையையும் நான் சேர்க்கவில்லை. அவை இங்கே பெரும்பாலும் லாரியில் போகிறவை.

காலத்தையும் முடிவு செய்யுங்கள். 2007-இல் பாம்பன் பாலம் அகலப் பாதையாக மாறியது. அதற்கு முந்தைய மீட்டர் கேஜ் காலம் பிடிக்கும் என்றால் ஒரு வசதி உண்டு: 1,000 மி.மீ. பாதை 1:87 அளவில் 11.5 மி.மீ. ஆகிறது; கடையில் கிடைக்கும் 12 மி.மீ. பாதை கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தும், மேலே ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சின் ஓடலாம். அகலப் பாதைக்கு இந்தப் பொருத்தம் இல்லை. 1,676 மி.மீ. 19.3 மி.மீ. ஆக வேண்டும், எச்.ஓ. என்று சொல்லப்படும் இந்த 1:87 அளவுக்குக் கடையில் கிடைக்கும் பாதையோ 16.5 மி.மீ. நான் அகலப் பாதையைத்தான் எடுத்தேன். மேலிருந்து பார்த்தால் குறை தெரியும், பக்கவாட்டில் கண் மட்டத்தில் பார்த்தால் தெரியாது. அதனால் பலகையை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிவிட்டேன்.

58 வேகனைப் பத்தாக்குவது

இன்று மூட்டைச் சரக்கு ஏற்றும் மூடிய வேகன் பி.சி.என்.எச்.எல். நீளம் 10.96 மீட்டர், ஒரு ரேக்குக்கு 58. எச்.ஓ.வில் ஒரு வேகன் 12.6 செ.மீ. முழு ரேக் 7.3 மீட்டர், எஞ்சின் தனி. யார் வீட்டு மாடியிலும் அது அடங்காது.

வேகனின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், வேலையின் படிகளைக் குறைக்கக் கூடாது. நான் பத்து வேகன் வைத்தேன். 126 செ.மீ. ஆயிற்று. எஞ்சின் ஏறக்குறைய 24, ரேக்கின் கடைசியில் கார்டு இருக்கும் பெட்டியான பிரேக் வேன் 16, வேகன்களை இணைக்கும் கப்ளிங் இடைவெளிக்குக் கொஞ்சம்: 170 செ.மீ. லூப் லைனின் பயன்படும் நீளம் இதற்குக் குறையக் கூடாது.

மேடையை வேண்டுமென்றே ஐந்து வேகனுக்குத்தான் கட்டினேன். மேடை முழு ரேக்கையும் கொள்ளாத இடங்களில் ரேக்கைப் பாதியாக வெட்டி இரண்டு தடவையாக பிளேஸ்மென்ட் செய்வது நிஜத்தில் நடப்பதே. மாதிரியில் அந்தக் குறைதான் பெரிய வரம். மேடை நீளமாக இருந்தால் ரேக் வரும், நிற்கும், போகும், பார்க்க ஒன்றுமில்லை.

லைன் வரைவது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நான் அவசரப்பட்டு ஒரு பலகையையே பிரித்துக் கட்டினேன்.

ரேக் மானாமதுரைப் பக்கமிருந்து, அதாவது மேற்கிலிருந்து வருகிறது. வேலை முடிந்து அதே வழியில் திரும்ப வேண்டும். பாம்பன் பக்கம் போகப்போவதில்லை. ஆகவே எஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற வேண்டும், பிரேக் வேனும் மாற வேண்டும். இந்த இரண்டையும் பென்சிலால் செய்து பார்க்காமல் எந்த வரைபடத்தையும் நம்ப வேண்டாம்.

என் வரைபடம் இப்படி. தெற்கே மெயின் லைன். அதற்கு வடக்கே முதல் லூப், அதற்கும் வடக்கே இரண்டாம் லூப், கடைசியில் ஷெட் லைன். ஷெட் லைன் மேற்கே முட்டி நிற்கும், கிழக்கு முனையில்தான் யார்டோடு சேரும். சேருமிடத்துக்கு அப்பால் கிழக்கே ஒரு ஷண்டிங் நெக், அதாவது வேகன்களை இழுத்துத் திரும்பத் தள்ளுவதற்கான முட்டுப் பாதை. ரேக் முதல் லூப்பில் வந்து நிற்கும்போது எஞ்சின் கிழக்கே, பிரேக் வேன் மேற்கே. எஞ்சின் தன் பின்னால் உள்ள ஐந்து வேகனை மட்டும் கழற்றி, நெக்குக்குள் இழுத்து, தடம் மாற்றும் பாயிண்ட் மாறியதும் பின்னோக்கித் தள்ளி ஷெட் லைனில் நிறுத்தும். மற்ற ஐந்தும் பிரேக் வேனும் லூப்பில் காத்திருக்கும்.

முதலில் நான் ஒரே லூப்தான் வரைந்திருந்தேன். வேலை முடிந்த ஐந்தை வெளியே இழுத்தபின் எங்கே வைப்பது? லூப்பில் தள்ளினால் மீதி ஐந்துக்கு வழி அடைபடும். மெயின் லைனில் நிறுத்தினால் ராமேஸ்வரம் வண்டி வெளியே நிற்கும். இரண்டாம் லூப் இருந்தால்தான் பாதி ரேக்கை மாற்ற முடியும்.

அடுத்த தப்பு நெக்கின் நீளம். ஐந்து வேகன் 63 செ.மீ., எஞ்சின் 24, ஆக 87. நான் 75 விட்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசி வேகனின் பின் சக்கரம் பாயிண்டின் மேலேயே நின்றது, பாயிண்ட் மாறவில்லை. ஒரு முழு வேகன் நீளம் குறைவு. பலகை ஓரத்தை அறுத்து, நெக்கை 95 செ.மீ. ஆக்கி, திரும்பப் பதிக்க மூன்று வாரம் போயிற்று. மிக நீண்ட தள்ளலை அளந்து அதற்கு மேல் ஒரு கை விரல் நீளம் விடுங்கள்.

ஷெட் லைனிலிருந்து வேகன் தானாக உருண்டு லூப்புக்கு வந்துவிடாமலிருக்க நிஜத்தில் தடம் புரட்டும் ஸ்விட்ச் வைப்பார்கள். என் பலகையில் அதன் வெள்ளை வண்ணம் பூசிய லீவர் மட்டும் இருக்கிறது, வேலை செய்யாது. ஆனால் பாயிண்ட்ஸ்மேன் அதன் பக்கத்தில் நிற்கிறார். வேகன்கள் நின்ற பிறகு இரு முனைகளிலும் சில வேகன்களுக்குக் கைபிரேக் போட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்து, சங்கிலியால் தண்டவாளத்தோடு பூட்டுவார்கள். நான் தீக்குச்சியிலிருந்து ஆப்பு சீவி வைத்திருக்கிறேன். எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் அதை வைக்க வேண்டும், கோக்குவதற்கு முன் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி.

யார்டு மட்டமாக இருக்க வேண்டும். நிஜத்தில் ஸ்டேஷன் யார்டின் சரிவு 400-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது, 1,200-க்கு 1 தான் விரும்பத்தக்கது. மாதிரி வேகன் ஊசிமுனை அச்சில் ஓடுவதால் அதைவிட லேசாக உருளும். கொத்தனார் வைக்கும் ரசமட்டத்தை ஒவ்வொரு பலகையிலும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள்.

லாரி திரும்பும் இடம்

பெரும்பாலான மாதிரிகளில் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதைதான் இருக்கும். கூடல்நகரில் நான் கண்டது நேர் எதிர்: தண்டவாளத்தைவிட லாரிக்கு இடம் அதிகம். பெரிய லாரி ஒரே வீச்சில் திரும்ப ஏறக்குறைய 24 மீட்டர் விட்டம் வேண்டும், எச்.ஓ.வில் 28 செ.மீ. மேடைக்கு 12. நான்கு லைனுக்கு, 6 செ.மீ. இடைவெளியில், ஓரங்கள் சேர்த்து 22. ஆக மொத்தம் 62 செ.மீ. பலகையின் அகலம் இப்படித்தான் தீர்மானமாக வேண்டும். மேடையின் உயரம் தண்டவாளத்திலிருந்து நிஜத்தில் சுமார் ஒரு மீட்டர், உங்களுக்கு 11.5 மி.மீ.

மேடையைப் புதுசுபோல விடாதீர்கள். மூட்டை இழுபட்ட தடம், ஓரத்தில் லாரி இடித்து உடைந்த சிமென்ட், சிந்திய உரத்தை ஒரு பெண் கூட்டி அள்ளும் துடைப்பம், தண்ணீர்ப் பானை, நிழலில் தார்ப்பாய் விரித்துத் தூங்கும் ஒருவர். இவர்கள் இல்லாத ஷெட் பூட்டிய ஷெட்.

கடற்காற்றுக்கு எதிராக

எங்கள் ஊரில் இரும்பு ஒரு வருஷம் தாங்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியில் உப்பு படிவதை விரலால் தொட்டே பார்க்கலாம். இரும்புத் தண்டவாளம் வேண்டாம், நிக்கல் சில்வர் வாங்குங்கள். ஒட்டுப்பலகை நீர் தாங்கும் ரகமாக இருக்கட்டும். வெட்டிய விளிம்புகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் இரண்டு கோட் வார்னிஷ். வாடை பிடிக்கும் மார்கழிக்கும் சுட்டெரிக்கும் சித்திரைக்கும் நடுவே பலகை விரியும் சுருங்கும். தண்டவாள இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியாகக் கீழிருந்து வயர் இழுத்துப் பற்றவைப்பது அலுப்பான வேலைதான். ஆனால் இணைப்புத் தகட்டை நம்பினால் ஆறு மாதத்தில் கரண்ட் நிற்கும்.

இன்னொன்று. உப்பளத்தையும் உப்புக் குவியலையும் காட்ட நிஜ உப்பைத் தொடவே தொடாதீர்கள். ஈரத்தை இழுத்து, கசிந்து, தண்டவாளத்தை அரித்துவிடும். கல்லை அரைத்துச் செய்யும் கோலமாவு போதும். வெயிலில் அதே வெள்ளை. அரிசிக் கோலமாவு என்றால் மறுநாள் காலை எறும்பு வந்துவிடும்.

வேகனும் மூட்டையும்

நம்மூர் வேகன் எச்.ஓ.வில் கடைகளில் தேடிக் கிடைப்பது கடினம். வரைபடத்தை வைத்து முப்பரிமாண அச்சில் எடுக்கலாம், பிளாஸ்டிக் தகட்டை வெட்டியும் கட்டலாம். நான் இரண்டு வேகன் தகட்டில் கட்டிப் பார்த்துவிட்டு எட்டை அச்சில் எடுத்தேன். கப்ளிங் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்: சரக்கு வேகனில் இருக்கும் சி.பி.சி. என்னும் நடுக் கப்ளிங் மூடிய விரல்போலக் கொக்கி. மாதிரிக் கடையில் கிடைக்கும் கேடி கப்ளிங்கும் அதே வடிவம்தான். மெல்லிய குச்சியை நடுவில் விட்டுத் திருகினால் கழன்றுவிடும்.

வேகனுக்குப் புது வண்ணம் அடித்தபின் துருவை ஏற்றுங்கள். உப்பு ஏற்றும் வேகனில் துரு மேலிருந்து வழிவதில்லை. கதவின் அடிப்பக்கத்திலும் தரைமட்டத்தைச் சுற்றியும்தான் முதலில் பிடிக்கும். கதவு இடுக்கில் கொஞ்சம் கோலமாவைத் தேய்த்துவிடுங்கள்.

மூட்டைதான் ஷெட்டின் முகம். யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோ. ஒரு வேகனில் 60 டன் என்று வைத்தால் 1,333 மூட்டை. அத்தனையும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். எம்-சீல் மாவைப் பிசைந்து, பென்சில் கனத்தில் பாதியாக உருட்டி, 9 மி.மீ. துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் விரலால் லேசாக அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே அடுக்க வேண்டும். அப்போதுதான் மேல்மூட்டையின் பாரத்தில் கீழ்மூட்டை பிதுங்கும், மூலைகள் தொங்கும். காய்ந்தபின் அடுக்கினால் செங்கல் சுவர்தான். முனையில் ஊசியால் நாலு கீறல் போட்டால் தைத்த வாய். அடுக்கின் உள்ளே மரக்கட்டை, வெளி வரிசை மட்டும் மூட்டை. இப்படி ஒரு அடுக்குக்கு எனக்கு எண்பது மூட்டை பிடித்தது. உரத்துக்கு வெளிறிய வெள்ளை, உப்புக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை, அரிசிக்குச் சணல் நிறம்.

மண், பனை, உடைமரம்

கரையோரத்துக்கு வெளிறிய மணல். எங்கள் கடற்கரை மணலையே சலித்துப் போடலாமே என்று தோன்றும். நாலைந்து தடவை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, பிறகு போடுங்கள். 15 மீட்டர் பனை எச்.ஓ.வில் 17 செ.மீ. மூங்கில் குச்சியில் நூல் சுற்றித் தண்டு. பச்சைக் காகிதத்தை விசிறியாக மடித்து நறுக்கி ஓலை. கீழே காய்ந்து தொங்கும் மட்டைகளை மறக்க வேண்டாம். சீமைக் கருவேலுக்கும் உடைமரத்துக்கும் பூ உதிர்ந்த வேப்பங்காம்பு அருமையாகப் பொருந்தும். மரம் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கட்டும், காற்றின் ஊர் இது.

ஒரு நாளை ஓட்டுவது

நான்கு பேர் வேண்டும்: ஸ்டேஷன் மாஸ்டர், எஞ்சின் ஓட்டுபவர், கூட்ஸ் கிளார்க், பார்ட்டி. எங்கள் வீட்டில் பார்ட்டி என் சித்தப்பா. நிஜத்திலும் லாரி வைத்திருந்தவர் என்பதால் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

ஒரு மணி நேரத்தை ஐந்து நிமிஷமாகச் சுருக்குங்கள். ஷண்டிங் மட்டும் கடிகாரத்தைப் பாராமல் அதன் வேகத்தில் நடக்கட்டும். நேரம் ஓடுவது ஓடட்டும். ஃப்ரீ டைமை ஒன்பது மணி என்று வைத்திருக்கிறேன், ஆட்டத்தில் 45 நிமிஷம். மூன்று கேங் லோடுமேன்கள். ஒரு கேங் ஒரு வேகனைக் காலி செய்ய இரண்டு மணி. மேடையில் ஐந்து வேகன் என்றால் முதல் சுற்றில் மூன்று, அடுத்த சுற்றில் இரண்டு, நான்கு மணி. இரண்டு பாதிக்கும் எட்டு. மாற்றி நிறுத்த மிச்சம் ஒரு மணி, அதாவது ஐந்தே நிமிஷம். பழகிய கை முடிக்கும், பதறிய கை முடிக்காது.

லாரிக் கணக்கு இதைவிடச் சுவையானது. 60 டன் வேகனுக்கு 20 டன் லாரி மூன்று நடை. மூன்று கேங் ஒரே நேரத்தில் இறக்கினால் இரண்டு மணிக்குள் ஒன்பது நடை. ஒரு லாரி கிடங்குக்குப் போய்வர ஒரு மணி என்றால் அது இரண்டு நடைதான் அடிக்கும். ஆகவே ஐந்து லாரி இருந்தால் சரியாகப் போகும். நான்குதான் கிடைத்தது என்றால் பார்ட்டி முடிவெடுக்க வேண்டும்: லாரிக்காக வேகனைக் காத்திருக்க வைப்பதா, மூட்டையை மேடையில் இறக்கி ரேக்கை விடுவதா? முன்னதில் டெமரேஜ், பின்னதில் வார்ஃபேஜ். பத்து வேகனும் சேர்ந்து ரிலீஸ் ஆனால்தான் கணக்கு முடியும். ஒரு வேகன் பிந்தினாலும் பத்துக்கும் மணிக்கு ஒரு புள்ளி, மணியில் ஒரு நிமிஷம் தாண்டினாலும் முழு மணி. எத்தனை லாரி கிடைத்தது என்பதை ஆட்டம் தொடங்கும் முன் பகடை சொல்லும்.

நடுவில் சேது எக்ஸ்பிரஸ் வரும், மதுரை பாசஞ்சர் வரும். மெயின் லைனை அப்போது தொடக் கூடாது. எஞ்சின் முனை மாறுவதும், பிரேக் வேனைப் பிடித்து மறுமுனையில் கோப்பதும் மெயின் லைன் வழியாகத்தான் என்பதால் ஸ்டேஷன் மாஸ்டரின் அனுமதிக்காக எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் வண்டியை விடமாட்டார்கள். புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. நான் அதற்கு முந்தைய வருஷங்களை ஓட்டுவதால் ஆனி ஆடி ஆட்டங்களில் காற்றுக்கும் ஒரு பகடை உண்டு. அது விழுந்தால் ராமேஸ்வரத்திலிருந்து வரவேண்டிய வண்டி தீவிலேயே நிற்கும், மெயின் லைன் நமக்குக் கிடைக்கும்.

ஆர்.ஆர்., பிளேஸ்மென்ட் மெமோ, ரிலீஸ் மெமோ மூன்றையும் தபால் அட்டை அளவில் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறேன். கிளார்க் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும், பார்ட்டியும் போட வேண்டும். போன ஐப்பசி ஆட்டத்தில் சித்தப்பாவுக்கு மூன்றே லாரி. இரண்டாம் பாதியில் அறுபது மூட்டை மேடையில் கிடந்தது, மழைப் பகடை வேறு விழுந்தது. என் தங்கை மகள் ஓடிப்போய்க் கறுப்புப் பாலித்தீன் கிழித்துத் தார்ப்பாய் போர்த்தினாள். ரேக் எட்டே முக்கால் மணி நேரத்தில் ரிலீஸ். சித்தப்பா மெமோவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமலேயே, நாளைக் காலைக்கு இரண்டு லாரி சொல்லிவைக்கச் சொன்னார்.